கடைசியில் நிற்பவருக்கும் கேட்க வேண்டும்: திறந்தவெளி இசைவிழாக்கள் பற்றி

தஞ்சை வட்டாரத்துக் கோயில் ஊர்களில் பெரிய நாகசுரக் கச்சேரி என்றால் ஒரு காலத்தில் அது தெருவில்தான் நடக்கும். சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டையில் மல்லாரி வாசித்து, கோபுரவாசலைத் தாண்டி வீதிக்கு வந்ததும் வித்வான் ஆலாபனையைத் தொடங்குவார். முச்சந்தியில் சுவாமி நிற்கும். கீழவீதியில் எடுத்த ராகம் தெற்கு வீதி திரும்பும்போதும் முடிந்திருக்காது. தோடியை மணிக்கணக்கில் வாசித்த திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) புகழ் அப்படிப்பட்ட இரவுகளில் வளர்ந்தது. கேட்க வந்தவர்களுக்கு நாற்காலியும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. சிலர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்கள், சிலர் சுவாமியோடு நடந்துகொண்டே கேட்டார்கள். வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, மேளச் சத்தம் தங்கள் தெருவை நெருங்கும்போது எழுந்து வந்து கேட்டவர்களும் உண்டு.

திறந்தவெளி இசைவிழா என்றதும் இன்றைய இளைஞர் மனத்தில் எழும் காட்சி வேறு. பரந்த மைதானம், எல்.ஈ.டி. திரை, மணிக்கட்டில் கட்டிய பட்டை, மேடைக்கு முன்னால் துள்ளும் கூட்டம். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரியும் அமெரிக்காவின் கோச்செல்லாவும் உருவாக்கிய காட்சி அது. மாட வீதியும் அந்த மைதானமும் தமக்குள் சம்பந்தமில்லாதவை போலத் தோன்றினாலும் இரண்டையும் ஒரே கேள்வியின் முன் நிறுத்தலாம். கூரையும் சுவரும் இல்லாத இடத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடும்போது, கூட்டத்தின் கடைசியில் நிற்பவருக்கு யார் பொறுப்பு? அவருக்கு இசை கேட்கிறதா? தாகத்துக்குத் தண்ணீர் உண்டா? பத்திரமாக வீடு போய்ச் சேர்வாரா? மேடையில் பாடியவர் யார் என்பதைவிட இவற்றுக்குக் கிடைக்கும் பதிலைக் கொண்டே ஒரு விழாவை எடைபோட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் ஒலியைப் பார்ப்போம். மண்டபத்துக்குள் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பி நமக்கு உதவுகின்றன. வெட்டவெளியில் அந்த உதவி இல்லை. ஒலி தரும் இடத்திலிருந்து தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 6 டெசிபல் குறைந்துவிடும். பத்து மீட்டரில் நிற்பவருக்குக் காதைத் துளைக்கும் பாட்டு, நூற்றறுபது மீட்டரில் நிற்பவரிடம் 24 டெசிபல் இழந்து போய்ச் சேரும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இதற்கு இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, கருவியும் குரலும் உரத்து ஒலிக்க வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பா போன்ற நாடக நடிகர்கள் எட்டாத சுருதியில் பாடியதற்கு ரசனை மட்டுமா காரணம்? கொட்டகையின் கடைசியில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவருக்கும் வார்த்தை புரிய வேண்டும் என்ற தேவையும் இருந்தது. உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் சிறிய திமிரி நாகசுரம் தெருவை ஆண்டதும் அதே தேவையால்தான். நீளமும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாகசுரத்தை ராஜரத்தினம் பிள்ளை நிலைநிறுத்திய காலமும் மைக் பரவிய காலமும் ஏறத்தாழ ஒன்று. எட்ட வேண்டிய தூரத்தை மின்சாரம் பார்த்துக்கொண்டதால் வாசிப்பவர் குழைவைத் தேடிப் போக முடிந்தது.

இரண்டாவது வழி, இசையே நடந்து கேட்பவரிடம் போவது. ஊர்வலம் செய்த வேலை இதுதான். ஒரே இடத்தில் மேடை போட்டால் முன்வரிசை என்றும் கடைசி வரிசை என்றும் உண்டாகிவிடும். நான்கு வீதியும் சுற்றி வரும் மேளத்துக்கு, அது நிற்கும் வாசலே அந்த நேரத்து முன்வரிசை. வீதியின் இருபுறமும் இருந்த வீட்டுச் சுவர்கள் ஒலியைத் தாங்கிக்கொண்டன. இரவும் கைகொடுத்தது. பகலில் சூடான தரையை ஒட்டிய காற்று ஒலியை மேல்நோக்கி வளைத்துவிடும். குளிர்ந்த இரவில் தரையருகே குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் சற்று வெதுவெதுப்பான காற்றும் இருப்பதால் ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். அடுத்த ஊர்த் திருவிழாவின் தவுல் நடு இரவில் நம் வாசலில் வாசிப்பதுபோல் கேட்பதும், மார்கழி விடியலில் இரண்டு மைல் தாண்டிய கோயில் பாட்டு தெளிவாக வருவதும் இதனால்தான். வெப்ப நாட்டுக்காரர்கள் இரவில் இசை கேட்டதற்கு வெயில் ஒரு காரணம் என்றால், காற்றின் இந்தக் குணம் இன்னொன்று.

இன்றைய பெரிய மைதானங்களில் ஒலிபெருக்கிக் கோபுரங்களைக் கூட்டத்தின் நடுவே வரிசையாக நிறுத்துகிறார்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். மேடையிலிருந்து 170 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு அரை விநாடி பிந்திக் கேட்கும், திரையில் உதடு மட்டும் முந்தி அசையும். பின்னாலுள்ள கோபுரங்களை அந்தக் கணக்குக்கேற்பத் தாமதப்படுத்தி, மேடை ஒலியோடு சேர்ந்து ஒலிக்கச் செய்ய வேண்டும். செலவுள்ள, பொறுமை கேட்கும் வேலை. நம்மூரில் பலர் இதைத் தவிர்த்துவிட்டு மேடையின் இருபுறமும் பாக்ஸ்களை ஆளுயரத்துக்கு மேல் அடுக்கிச் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். முன்னால் உட்காரும் பிள்ளைகளின் காது கெடுகிறது, பின்னால் நிற்பவருக்கு இரைச்சல்தான் மிச்சம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட பாதுகாப்பான கேட்டல் வரையறை, சராசரி ஒலியளவு 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும், காதுக்கு ஓய்வு தர அமைதியான இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் கோயில் திருவிழா இன்னிசைக் கச்சேரியில் பாக்ஸை ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தையைத் தூக்கிப் பின்னால் உட்கார வைக்க விழாக் குழுவில் ஒருவரை நியமிப்பது ஒன்றும் பெரிய காரியமல்ல.

ஒலியை அடுத்து உபசாரம். பழைய திருவிழாவில் இதற்கு மண்டகப்படி என்ற வலுவான ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பம், ஒரு தெரு அல்லது ஒரு தொழிற்கூட்டம் உபயதாரராக இருக்கும். அன்றைய மேளம், விளக்கு, வாணவேடிக்கை, பிரசாதம் எல்லாம் அவர்கள் செலவு. வழியில் நீர்மோர்ப் பந்தல், பானகம், சுண்டல், விடிந்தால் அன்னதானம். பெயர்பெற்ற மேள செட்டுகளை வரவழைப்பதில் உபயதாரர்களிடையே போட்டி இருந்தது. வந்த கூட்டத்துக்குக் குடிக்கவும் சாப்பிடவும் கொடுப்பதிலும் அதே போட்டி இருந்தது. யாரோ வந்து நடத்திவிட்டுப் போகும் நிகழ்ச்சியாக இல்லாமல், ஊரே விருந்தோம்பும் நிகழ்ச்சியாக அது நடந்தது. ஏதாவது குறை என்றால் மறுநாள் யார் வீட்டு வாசலில் போய்க் கேட்பது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அந்தத் தெரு எல்லோருக்கும் சொந்தமாக இருக்கவில்லை என்பதை மறைத்துவிட்டு இந்த மரபைப் புகழ்வது நேர்மையாகாது. சுவாமி போகாத தெருக்கள் ஒவ்வோர் ஊரிலும் இருந்தன. பறையடித்தவர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். மேதைகளான நாகசுரக் கலைஞர்களே உட்கார்ந்து வாசிக்கவும், மேல்சட்டை போட்டுக்கொள்ளவும் பிடிவாதம் பிடிக்க வேண்டியிருந்தது. ராஜரத்தினம் பிள்ளையின் உடையும் கிராப்பும் வெறும் ஆடம்பரமல்ல. யாழ்ப்பாணத்திலும் கதை இதுவே. அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாகசுரத்துக்கும் யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தியின் தவுலுக்கும் விடிய விடியக் கூட்டம் உட்கார்ந்திருந்த மேளச்சமாக்கள் அந்த மண்ணின் பெருமை. அதே வட்டாரத்தில், மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் நுழைய 1968-ல் ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. மணல் வீதியில் உட்கார்ந்து இசை கேட்கும் உரிமைகூடச் சிலருக்குப் போராட்டத்தின் பின்னரே வந்தது. எனவே கடைசியில் நிற்பவர் யார் என்ற கேள்வியை நம் மரபின்மீதும் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

திருவையாறு இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதிலை, வெகுநாள் சண்டைக்குப் பிறகு, கண்டடைந்த இடம். தியாகராஜர் 1847 ஜனவரி 6-ஆம் நாள், புஷ்ய பகுள பஞ்சமியன்று மறைந்தார். காவிரிக்கரைச் சமாதியில் ஆராதனை நடத்திய பாகவதர்கள் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிரிந்து கிடந்தார்கள். பெண்கள் அங்கே பாட இடமில்லை. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொத்தைச் செலவிட்டுச் சமாதியைச் சீர்செய்து கோயில் எழுப்பி 1920-களில் குடமுழுக்கு நடத்தினார். அப்படிக் கட்டிய பிறகும் பாட அனுமதி கிடைக்காததால் பெண்களைத் திரட்டித் தனியே விழா எடுத்தார். 1940-களின் தொடக்கத்தில்தான் கட்சிகள் ஒன்றுகூடின, பெண்களும் பாடினார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடும் வழக்கம் அந்த ஒற்றுமையின் விளைவாக வேரூன்றியது.

இன்று அந்தப் பந்தலுக்குள் போனால் சபாவில் கிடைக்காத ஓர் அனுபவம் கிடைக்கும். பஞ்சமியன்று காலை வித்வான்கள் தரையில் எதிரெதிர் வரிசையாக உட்கார்ந்து பாடுவார்கள். அவர்களோடு பந்தலின் கடைசிவரை உட்கார்ந்திருப்பவர்களும், புத்தகத்தைப் பார்த்தோ பாராமலோ, பாடுவார்கள். கும்பகோணத்துப் பாட்டு டீச்சரும் பெங்களூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர் இன்ஜினியரும் மாயவரத்து மளிகைக்கடைக்காரரும் ஒரே ஜமுக்காளத்தில் இருப்பார்கள். சுருதி அங்கங்கே பிசகும், காலம் இழுபடும். ஆனால் கேட்பவர், பாடுபவர் என்ற கோடு அந்த ஒரு மணி நேரத்துக்கு அழிந்துவிடுகிறது. மற்ற நேரங்களில் பக்கத்துப் பக்கத்து மேடைகளில் மாறி மாறிக் கச்சேரி நடக்கும். ஒருவர் முடிக்கும்போதே அடுத்தவர் சுருதி சேர்த்து உட்கார்ந்திருப்பார். பெரிய வித்வானுக்கும் சில நிமிடங்கள்தான், முதல்முறை வரும் மாணவருக்கும் சில நிமிடங்கள்தான். தொலைக்காட்சி வந்த பிறகு முன்பகுதி கேமராவுக்கும் பிரமுகர்களுக்கும் என்று ஆகிவிட்டது எனக்கு வருத்தமே. ஆனாலும் இலவசமாக, தரையில், யாரும் வந்து உட்காரக்கூடிய விழாவாக அது தொடர்கிறது.

கடல்கடந்தால் வேறு பாடங்கள். அமெரிக்காவின் பெத்தல் என்ற ஊரில் 1969 ஆகஸ்டில் நடந்த உட்ஸ்டாக் விழாவின் தொடக்கவுரை ஒரு தமிழருடையது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 1914-ல் பிறந்த சுவாமி சச்சிதானந்தர் வெள்ளைத் தாடியோடு மேடையில் அமர்ந்து, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களுக்கு இசையைப் பற்றியும் அமைதியைப் பற்றியும் பேசினார். அன்றிரவு மழையில் ரவிசங்கர் சிதார் வாசித்தார். அந்தக் கச்சேரி அவருக்கு மனநிறைவு தரவில்லை. சேற்றில் கிடந்த கூட்டம் நம்மூர் எருமைகளை நினைவூட்டியதாகப் பிற்பாடு சொன்னார்.

இதே ரவிசங்கர் இரண்டே ஆண்டு முன்பு, 1967 ஜூனில், கலிஃபோர்னியாவின் மான்டரே விழாவில் ஒரு பிற்பகல் முழுக்க வாசித்திருந்தார். அதுவும் திறந்தவெளிதான். கேட்டவர்களும் அதே தலைமுறை இளைஞர்கள்தான். அங்கே ஆயிரக்கணக்கானோர் நாற்காலிகளில் அமர்ந்து, ராகம் விரிவதற்குக் காத்திருந்து கேட்டார்கள்; அவருடைய வாழ்வின் மிகச் சிறந்த கச்சேரிகளில் ஒன்றாக அது பேசப்படுகிறது. இரண்டு இடங்களிலும் கலைஞரும் கருவியும் ஒன்றுதான். வேறுபட்டது இடம். உட்ஸ்டாக்கை நடத்தியவர்கள் ஐம்பதாயிரம் பேர் வருவார்கள் என்று அதிகாரிகளிடம் சொல்லியிருந்தார்கள். முன்கூட்டியே விற்ற டிக்கெட் மட்டும் 1,86,000. இடம் கடைசி நேரத்தில் மாறியதால் வேலி போட்டு முடியவில்லை. விழா தானாகவே இலவசமாகிவிட்டது. கழிப்பறைகள் சுமார் 600. சாலைகள் அடைத்துக்கொண்டதால் பாடகர்களையே ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள். பெருங்கேடு நேராமல் தடுத்தது ஏற்பாட்டாளர்களின் திறமை அல்ல. பண்ணையை வாடகைக்குத் தந்த மேக்ஸ் யாஸ்கர், சோறு சமைத்துப் போட்ட ஹாக் ஃபார்ம் குழுவினர், வீட்டிலிருந்து ரொட்டியும் முட்டையும் அனுப்பிய உள்ளூர் மக்கள் ஆகியோரின் நல்ல மனம்தான் கைகொடுத்தது. நல்ல மனத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பது நான்கு மாதத்துக்குள் தெரிந்தது. அந்த டிசம்பரில் கலிஃபோர்னியாவின் ஆல்டமான்ட்டில் நடந்த இலவச விழாவில், மேடைக் காவல் மோட்டார் சைக்கிள் கும்பலிடம் விடப்பட்டிருந்தது. நான்கு பேர் இறந்தார்கள், ஒருவர் மேடைக்கு முன்னாலேயே குத்திக் கொல்லப்பட்டார்.

ஐரோப்பியர்கள் இதிலிருந்து மெதுவாக, தவறியும் தட்டுத்தடுமாறியும், மைதானத்தை ஆளும் கலையைக் கற்றார்கள். கிளாஸ்டன்பரி விழா 1970-ல் மைக்கேல் ஈவிஸ் என்ற பால்பண்ணை விவசாயி தன் வயலில் தொடங்கியது. நுழைவுக் கட்டணம் ஒரு பவுண்டு, பண்ணைப் பால் இலவசம். வந்தவர்கள் சுமார் 1,500 பேர். இப்போது அந்த வயலில் இரண்டு லட்சம் பேர் ஐந்து நாள் கூடாரமடித்துத் தங்குகிறார்கள். மழை பெய்தால் முழங்கால் சேறு. ரப்பர் பூட்ஸ் போட்டு அந்தச் சேற்றில் நடப்பதே அவர்களுக்கு விழாவின் ஒரு பகுதி. இந்த விழாவில் நான் மதிப்பது அதன் முதன்மை மேடையான பிரமிடு மேடையை அல்ல. வாட்டர்எய்ட் அமைப்பின் தன்னார்வலர்கள் குடிநீர்க் குழாய்களையும் கழிப்பறைகளையும் கவனிக்கிறார்கள். ஆக்ஸ்ஃபாம் தன்னார்வலர்கள் வாயிலில் நின்று வழிகாட்டுகிறார்கள். அந்த உழைப்புக்குரிய பணம் அவர்களுடைய அறப்பணிக்குப் போகிறது. டிக்கெட் வாங்கப் புகைப்படத்தோடு பதிவு செய்ய வேண்டும் என்பதால் கள்ளச்சந்தைக்காரர்களுக்கு வேலை இல்லை. 2019 முதல் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்பனை இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விழாவை நிறுத்தி வயலுக்கு ஓய்வு தருகிறார்கள். 2018-ல் அப்படி ஓய்வு, 2026-லும் ஓய்வு. பசுக்கள் மேயும் புல்லுக்கும் கேட்க வந்தவருக்கும் ஒரே கணக்கில் பொறுப்பேற்கிறார்கள். ஆனாலும் விழா முடிந்ததும் கூட்டத்தினர் விட்டுப் போகும் கூடாரங்களும் குப்பையும் அவர்களுக்குத் தீராத தலைவலி. அதில் நம்மூரும் அவ்வூரும் ஒன்றே.

டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழா கற்ற பாடம் கொடியது. 2000 ஜூன் 30 அன்று, மேடைக்கு முன்னிருந்த நெரிசலில் ஒன்பது இளைஞர்கள் இறந்தார்கள். பல்லாண்டு அனுபவமும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களும் உள்ள, லாபத்தை அறச்செயல்களுக்குத் தரும் விழா அது. அங்கேயே அப்படி நடந்தது என்பதால் உலகம் விழித்தது. கிளாஸ்டன்பரி அடுத்த ஆண்டு விழாவையே நிறுத்தி வைத்து, 2002-ல் உறுதியான வேலியோடு திரும்பி வந்தது. ரோஸ்கில்டேயில் மேடைக்கு முன்னுள்ள இடத்தைத் தடுப்புகளால் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இத்தனை பேர்தான் என்று எண்ணி விடுகிறார்கள். காரணம் இதுதான்: ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நிற்கும்வரை ஒவ்வொருவரும் தன் காலில் நிற்கிறார். ஐந்து, ஆறைத் தாண்டினால் கூட்டம் தண்ணீர்போல அலையத் தொடங்கும். எங்கோ ஒருவர் சாய்ந்தால் அந்தத் தள்ளல் இருபதடி தள்ளி இருப்பவரை வீழ்த்தும். இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. மார்பு விரிய இடமில்லாமல், நின்ற நிலையிலேயே மூச்சுத் திணறி இறக்கிறார்கள். அந்த நிலையில் அவர்கள் எழுப்பும் கூக்குரலும் ரசிகர்களின் ஆரவாரமும் மேடையிலிருப்பவருக்கு ஒன்றுபோலவே கேட்கும். ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் 2010-ல் ஒரே சுரங்கவழியை நுழையவும் வெளியேறவும் வைத்ததால் 21 பேர் இறந்தார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 2021-ல் பத்துப் பேர், அவர்களில் ஒன்பது வயதுச் சிறுவனும் ஒருவன். இத்தகைய சாவுகளுக்குக் கூட்டத்தின் 'ஒழுங்கின்மை'யைக் காரணம் காட்டுவது சோம்பேறித்தனம். வழி எத்தனை, அகலம் எவ்வளவு, நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம் என்ற மூன்று கேள்விகளில்தான் காரணம் இருக்கும்.

இந்தப் பாடங்கள் நம் பக்கம் வந்து சேரவில்லை. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நடந்த திரையிசை நிகழ்ச்சியைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகஸ்டில் மழையால் தள்ளிப்போன நிகழ்ச்சி அது. ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் வாயிலைக்கூட நெருங்க முடியாமல் திரும்பினார்கள். குழந்தைகள் நெரிசலில் அழுதார்கள். கூட்டத்தில் தங்களுக்கு நேர்ந்த அத்துமீறல்களைப் பெண்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். சாலை பல மணி நேரம் நகரவில்லை. ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், பணம் திருப்பித் தரப்பட்டது. அடுத்த பிப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த பெரிய இசைநிகழ்ச்சியில், பின்னால் நின்ற கூட்டம் தடுப்புகளைத் தாண்டி முன்னே வந்ததால் நிகழ்ச்சி இடையில் நின்றது. இரண்டு ஊர்களிலும் நடந்தது ஒன்றே. மைதானத்தை விலைவாரியாகக் கூறுபோட்டு, கடைசிக் கூறில் நிற்பவருக்கு மேடை தெரியாது, ஒலி போகாது, வழி தெரியாது என்ற நிலையில் நிறுத்தினால், அவர் முன்னால் வரத்தான் பார்ப்பார். வெளிநாட்டு விழாவிலிருந்து மேடையையும் விளக்கையும் டிக்கெட் விலையையும் கொண்டுவந்தோம். குழாயடியையும் கழிப்பறையையும் வழிகாட்டும் தன்னார்வலரையும் கொண்டுவரவில்லை. நம்மிடம் இருந்த நீர்மோர்ப் பந்தலையும் கைவிட்டோம்.

நல்ல முன்மாதிரிகள் இல்லாமலில்லை. 2007 பொங்கலில் தொடங்கிய சென்னை சங்கமம் பூங்காக்களிலும் கடற்கரையிலும் பறையையும் கரகத்தையும் தெருக்கூத்தையும் ஒரே நேரத்தில் பல இடங்களில் நிகழ்த்தியது. 2011-க்குப் பின் நின்றுபோய், 2023-ல் 'நம்ம ஊரு திருவிழா' என்ற பெயரோடு திரும்ப வந்தது. ஒரே மைதானத்தில் எல்லோரையும் குவிக்காமல் கூட்டத்தைப் பல இடங்களுக்குப் பிரித்தது அதன் பெரிய சாதனை. கலையைப் பற்றிப் பேசுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நடந்தே வந்து, விருப்பப்பட்ட நேரம் நின்று, சலித்தால் நகரலாம். மாட வீதியில் கேட்டவருக்கு இருந்த சுதந்திரம் அது. 2015-ல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் ஊர் மக்களோடு சேர்ந்து தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா அதைவிடச் சிறியது, ஆனால் துணிவானது. பெசன்ட் நகரை ஒட்டிய மீனவக் குப்பத்தின் மணலில் கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையில் ஏறின. மயிலாப்பூர் சபாக்களைத் தாண்டி எங்கும் போயிராத ரசிகர்கள் முதன்முறையாக ஒரு குப்பத்துக்கு விருந்தாளிகளாகப் போனார்கள். உபசரித்தது அந்த ஊர். சமூக மாற்றம் ஒரு விழாவால் வந்துவிடாது என்று சொன்னவர்கள் உண்டு. சரிதான். ஆனால் யார் வீட்டில் யார் விருந்தாளி என்பதைத் திருப்பிப் போட்டுக் காட்டிய விழாக்கள் நம்மிடம் அதிகமில்லை.

இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. மாநில அரசுகள் ஆண்டுக்குப் பதினைந்து நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை தளர்த்தலாம். நோயாளிகளுக்கும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது தேவையான விதி, அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் விலை ஒன்று கொடுத்தோம். இந்துஸ்தானிப் பாடகர் பீம்சேன் ஜோஷி தம் குருவின் நினைவாக 1953-ல் புனேயில் தொடங்கிய சவாய் கந்தர்வ விழா, பந்தலுக்குள் விடிய விடிய நடந்த விழா. இப்போது முன்னிரவிலேயே முடிந்துவிடுவதால், பின்னிரவுக்கும் விடியலுக்கும் உரிய ராகங்களை அங்கே கேட்பது அரிதாகிவிட்டது. நம் நாகசுரக்காரர்களிடமும் விடியலுக்குப் பூபாளம், பௌளி என்று ஒரு முறைமை இருந்தது. மைக் இல்லாமல் வீதியில் வாசித்த காலத்தில் எந்த விதியும் அவர்களைத் தொட வேண்டியிருக்கவில்லை. கோயில் நிர்வாகங்கள் திருவிழாவில் ஓரிரவாவது மைக்கும் பாக்ஸும் ஜெனரேட்டர் இரைச்சலும் இல்லாத மேளத்தை வைத்து, அதை எப்படி நடத்துவது என்று காவல்துறையோடு பேச வேண்டும்.

பெண்களின் நிலை தனியே சொல்லத் தக்கது. விடிய விடிய நடந்த கச்சேரிகளைப் பற்றி எழுதியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். பெண்களுக்குத் திண்ணையும் ஜன்னலும்தான் அரங்கம். இன்றும் ஒரு பெண் எந்தப் பாட்டுவரை கேட்கலாம் என்பதைக் கடைசி பஸ்தான் முடிவு செய்கிறது. கழிப்பறை இருக்காது என்று தெரிந்து மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கச்சேரிக்குக் கிளம்பும் பெண்களை நம் எல்லோருக்கும் தெரியும். சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். ஆட்டத்தின் டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவில் பயணம் செய்ய வழிசெய்தார்கள். கிரிக்கெட்டுக்குச் செய்ய முடிந்ததை இசைக்கும் செய்யலாம். போக்குவரத்து, வெளிச்சம், கழிப்பறை ஆகிய மூன்றும் சரியாக அமைந்தால் கூட்டத்தில் பாதிப்பேர் பெண்களாக இருப்பார்கள். மார்கழி மாலை மெரினாவுக்கும் பூங்காக்களுக்கும் வரும் குடும்பங்களைப் பார்த்தவர்கள் இதை நம்புவார்கள்.

தமிழ்நாட்டிலும் வட இலங்கையிலும் உள்ளாட்சி அமைப்புகளும் காவல்துறையும் இனி அனுமதி தரும்போது மேடையின் வரைபடத்தோடு மைதானத்தின் வரைபடத்தையும் கேட்டு வாங்க வேண்டும். சதுர மீட்டருக்கு எத்தனை பேர், வழிகள் எத்தனை, குடிநீர்க் குழாய் எங்கே, பெண்களுக்கான கழிப்பறை எத்தனை, நெரிசல் கண்டால் நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்ற ஐந்துக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் டிக்கெட் விற்பனையே தொடங்கக் கூடாது. அந்தப் பதில்களை டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே வெளியிடச் சொல்ல வேண்டும். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை டிக்கெட் வாங்கும் முன் இந்தக் கேள்விகளை விழா நடத்துபவரிடம் நீங்களே கேளுங்கள். பதில் வராத விழாவுக்குப் பணம் கொடுக்காதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள்.